சரிவில் புல் வெட்டப் பழைய மோட்டர்மேயர்: மூன்றில் எதை எடுக்கலாம்?

வாசகர் கேள்வி: சுவிஸின் எம்மன்தாலில் ஒரு பழைய பண்ணை வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் எழுபது ஆர் (7,000 சதுர மீற்றர்) அளவில் புல்தரை, அதில் பாதி நல்ல சரிவு. நிலத்துக்குக் காசு வேண்டாம், வருடத்தில் இரண்டு தரமாவது வெட்டி வைத்திருந்தால் போதும் என்கிறார் வீட்டுக்காரர். மகன் ஆடு வளர்க்கிறான், புல் அதுகளுக்கும் ஆகும். ஊரில் வயலில் லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) பிடித்த அனுபவம் எனக்கு இருக்கிறது. நாலாயிரம் பிராங்குக்குள் பழைய மோட்டர்மேயர் (பின்னால் நடந்தபடி பிடித்துப் புல் வெட்டுகிற மெசின்) ஒன்று தேடுகிறேன். மூன்று விளம்பரம் பார்த்து வைத்திருக்கிறேன். மாக் எஞ்சின் பூட்டிய பழைய ஏபி, 900 பிராங். 11 குதிரைவலு ஹொண்டா எஞ்சினோடு இத்தாலி இயந்திரம், மண் கொத்துகிற கருவியும் சேர்த்து 2,600. ஹைட்ரோஸ்டாட் (ஒயிலால் சில்லைச் சுற்றுகிற முறை) உள்ள ரப்பிட் கம்பனி மெசின், 3,900. அந்தச் சரிவில் மெசின் பிடிக்கப் போகிறேன் என்றாலே மனைவிக்குப் பயம். எதை எடுக்கலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் மனைவியின் பயம் சரியானது, அதிலிருந்தே தொடங்குவோம். நீங்கள் மூன்று இயந்திரத்துக்கும் விலை எழுதியிருக்கிறீர்கள், எஞ்சின் என்னவென்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் சரிவு எத்தனை வீதம் என்றோ, மூன்றிலும் என்ன சில்லு பூட்டியிருக்கிறது என்றோ ஒரு வரிகூட இல்லை. விவசாய இயந்திர வேலைத்தலத்தில் நிற்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், சரிவு வேலைக்கு வருகிற இயந்திரத்தில் நான் முதலில் பார்ப்பது அது எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பதை அல்ல, நிறுத்தினால் அந்த இடத்திலேயே நிற்கிறதா என்பதைத்தான். எட்டுக் குதிரைவலு புல் வெட்டத் தாராளமாகப் போதும். நிற்காத இயந்திரத்துக்கு இருபது குதிரைவலு இருந்தும் பயனில்லை.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். ரப்பிட்டைப் போய்ப் பாருங்கள், கீழே சொல்கிற சூட்டுச் சோதனையில் தேறினால் எடுங்கள். பழைய ஏபி உங்கள் நிலத்தின் சாய்வு குறைந்த பாதிக்கு நல்லது, செங்குத்துப் பாதிக்கு வேண்டாம். இத்தாலி இயந்திரத்தை இந்த நிலத்துக்கு எடுக்க வேண்டாம். ஏன் என்று விளக்குகிறேன், ஏனென்றால் இந்த மூன்றும் விற்றுப் போய் வேறு மூன்று விளம்பரம் வந்தாலும் நீங்களே பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

முதலில் சரிவை அளவுங்கள். ஒரு மீற்றர் நீளமான நேரான பலகை, ஒரு நீர்மட்டம், ஒரு அளவு நாடா போதும். பலகையின் ஒரு நுனியை மேட்டுப் பக்கம் நிலத்தில் வைத்து, மட்டம் பார்த்துக் கிடையாகப் பிடித்துக்கொண்டு, மற்ற நுனியிலிருந்து நிலம் வரைக்கும் அளந்தால் வருகிற சென்ரிமீற்றர்தான் சரிவின் வீதம். 35 சென்ரிமீற்றர் வந்தால் 35 வீதம், பாகையில் அது சுமார் 19. 50 வந்தால் 27 பாகை. இங்கே விவசாயிகளுக்குக் கிடைக்கிற சரிவுக் கொடுப்பனவும் 18, 35, 50 வீதம் என்றுதான் பிரித்திருக்கிறது, அந்த எல்லைகள் அனுபவத்தோடும் ஒத்துப்போகின்றன. 35 வரைக்கும் கவனமாக நடக்கிற ஒருவர் சாதாரண இயந்திரத்தோடு சமாளிக்கலாம், அதற்கு மேல் சில்லும் பிறேக்கும் விசேடமாக இருக்க வேண்டும், 50 தாண்டினால் அது பழகினவர்களின் வேலை. ஒரே இடத்தில் அளந்துவிட்டு வர வேண்டாம். ஆகச் செங்குத்தான இடத்தையும், வெட்டி முடித்துத் திரும்ப வேண்டிய ஓரங்களையும் அளவுங்கள், ஆபத்து அதிகம் அந்தத் திரும்புகிற இடங்களில்தான். அரசாங்க நில அளவை அலுவலகமான சுவிஸ்டோப்போவின் இணைய வரைபடத்தில் கோடு போட்டு உயர வெட்டுமுகம் பார்க்கலாம், ஆனால் ஒரு திடீர்ப் பள்ளத்தை அது காட்டாது.

இப்போது உங்கள் லாண்ட்மாஸ்டர் அனுபவத்துக்கு வருவோம். அது பெறுமதியான அனுபவம்தான், பிடியில் வருகிற அதிர்வைக் கை அறியும், இரும்புச் சில்லு என்றால் என்ன என்று சேற்று வயல் உங்களுக்குக் காட்டியிருக்கும். ஆனால் வயல் உங்களுக்குப் பழக்கிவிட்ட ஒரு விசயத்தை இங்கே மறக்க வேண்டும். தட்டையான வயலில் கிளச்சை இழுத்தால் மெசின் நின்றுவிடும், அவசரம் என்றால் கை தானாகக் கிளச்சுக்குத்தான் போகும். சரிவில் கியர் இயந்திரத்தின் கிளச்சை இழுத்தால் சில்லு விடுபடும், எஞ்சின் பிடித்து வைத்திருந்த பாரம் முழுக்கக் கீழ்நோக்கி ஓடத் தொடங்கும். இருநூறு, முந்நூறு கிலோ இரும்பு, முன்னுக்குக் கத்தி. அதனால் கியர் இயந்திரம் பார்க்கும்போது முதல் கேள்வி: கிளச்சை இழுக்கிற அதே அசைவில் பிறேக்கும் விழுகிறதா, அல்லது வேறு ஒரு பிறேக் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறதா? இரண்டும் இல்லாத பழைய இயந்திரங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றோடு சரிவின் நடுவில் கியர் மாற்றவே கூடாது, மேலே சமதரையில் கியரைப் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். கியர் தானாகக் கழன்று விழுகிற பழக்கமும் அதற்கு இருந்தால், அந்த இயந்திரத்தை இலவசமாகத் தந்தாலும் எடுக்காதீர்கள்.

ஹைட்ரோஸ்டாட் வேறு விதம். பம்பு ஒயிலைத் தள்ள, அந்த ஒயில் சில்லைச் சுற்றுகிறது. பிடியை நடுநிலைக்குக் கொண்டுவந்தால் ஒயில் ஓட்டம் நிற்கும், சில்லும் நிற்கும். வேகத்தைத் துளித்துளியாகக் கூட்டலாம், குறைக்கலாம், கையில் கிளச் இல்லாமலே முன்னுக்கும் பின்னுக்கும் போகலாம். இதனால்தான் சரிவு வேலைக்கு இன்றைக்கு எல்லோரும் அதைத் தேடுகிறார்கள். நல்லவற்றில் இரண்டு சில்லுக்கும் வேறு வேறு வேகம் கொடுத்தே திருப்பலாம், குறுக்காக வெட்டும்போது மூக்கு கீழ்நோக்கி இழுபட்டால் விரல் அசைவில் நேராக்கலாம், தோளால் தள்ளத் தேவையில்லை. உங்கள் ரப்பிட்டில் அந்த வசதி இருக்கிறதா என்று விளம்பரக்காரரிடம் கேளுங்கள், எல்லா மாடலிலும் இல்லை.

ஆனால் ஹைட்ரோஸ்டாட் தேய்ந்து போயிருந்தால் அது குளிரில் தெரியாது. ஒயில் குளிராக இருக்கும்போது தடிப்பாக இருக்கும், தேய்ந்த பம்பும் அதைப் பிடித்துத் தள்ளிவிடும். சூடேறி ஒயில் இளகினதும் தேய்ந்த இடைவெளிகளால் கசிந்து, ஏற்றத்தில் இயந்திரம் மூச்சு வாங்கும், நிறுத்தினாலும் மெல்ல மெல்லக் கீழே நழுவும். விற்கிறவர் முற்றத்தில் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டினால் எல்லாம் அருமையாகத்தான் இருக்கும். அதனால் அரை மணித்தியாலம் உண்மையாக வேலை வாங்குங்கள், முடிந்தால் புல்லை வெட்டியே. பிறகு அவருடைய நிலத்தில் இருக்கிற சரிவில் நேராக மேலே ஏற்றி, நடுவில் நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கப் பிடியை நடுநிலையில் வைத்து, சில்லின் பக்கவாட்டில் சோக்கால் ஒரு கோடு போட்டு இரண்டு நிமிடம் பாருங்கள். நீங்கள் மேட்டுப் பக்கமாக நிற்க வேண்டும், கீழே ஒருவரும் நிற்கக் கூடாது. கோடு விரல் அகலம் நகர்ந்தால் பேரம் பேசலாம், கையகலம் நகர்ந்தால் வீட்டுக்கு வாருங்கள். பம்பு திருத்துகிற செலவு நீங்கள் கொடுக்கிற 3,900ஐத் தாண்டிப் போகலாம். அதற்குப் பிறகு பார்க்கிங் பிறேக்கைப் போட்டு அதையும் தனியாகப் பாருங்கள், ஹைட்ரோஸ்டாட்டை நம்பி அந்தப் பிறேக்கைப் பல வருடம் தொடாமலே விட்டவர்கள் உண்டு.

போவதற்கு முதல் விற்கிறவரிடம் ஒன்று சொல்லி வையுங்கள், நான் வரும்வரை எஞ்சினைத் தட்ட (ஸ்டார்ட் பண்ண) வேண்டாம் என்று. போய் இறங்கினதும் கையைக் குளிர்விக்கும் தகடுகளுக்கு மேலே வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அவர் முன்கூட்டியே தட்டி வைத்திருக்கிறார், அது குளிரில் தட்ட மறுக்கிற எஞ்சின் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இத்தாலி இயந்திரத்தை ஏன் வேண்டாம் என்கிறேன்? இயந்திரம் மோசம் என்பதால் அல்ல, மரக்கறித் தோட்டத்துக்கு நான் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். ஹொண்டாவின் அந்த வகைச் சின்ன எஞ்சின்களில் ஒயில் பம்பு கிடையாது. உள்ளே ஒரு சின்ன அகப்பை சுற்றிச் சுற்றி ஒயிலைத் தெறிக்க வைக்கிறது, அவ்வளவுதான். ஹொண்டாவே 20 பாகைக்கு மேல் சாய்க்க வேண்டாம் என்கிறது, அது வீதத்தில் 36. உங்கள் செங்குத்துப் பாதி அதற்கு மேல் என்றால், ஒரே பக்கம் சாய்ந்தபடி குறுக்காகப் போகும்போது ஒயில் ஒரு மூலையில் தங்கிவிடும், அகப்பைக்கு எட்டாது, மேலே பிஸ்டன் காய்ந்தபடி ஓடும். ஒயில் குறைந்தால் எஞ்சினை நிறுத்துகிற உணரி இருந்தால் சரிவு நடுவில் நின்று நின்று உங்களைப் படுத்தும், இல்லாவிட்டால் எஞ்சின் சத்தமில்லாமல் தேயும். அதோடு, கொத்துகிற கருவியோடு விற்கிறவை பெரும்பாலும் ஒடுக்கமான அச்சும் சின்னச் சில்லும் கொண்டவை, சிலதில் டிபரென்சியலே (திருப்பத்தில் இரண்டு சில்லும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற கியர்) இல்லை. டிபரென்சியல் இல்லாவிட்டால் இரண்டு சில்லும் சேர்ந்து இழுக்கும், அது நல்லதுதான், ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் முழு இயந்திரத்தையும் நீங்களே இழுத்துத் திருப்ப வேண்டும். டிபரென்சியல் இருந்து பூட்டு இல்லாவிட்டால் அது இன்னும் மோசம், பாரம் குறைந்த மேட்டுச் சில்லு சும்மா சுற்ற மெசின் பள்ளத்துப் பக்கம் வழுக்கும். பூட்டும் இருக்க வேண்டும், அது கையில் இருந்தபடியே போட்டு எடுக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

பழைய ஏபி பற்றி மரியாதையோடுதான் எழுதுகிறேன். ஏபி உங்கள் பக்கத்து ஊர்க் கம்பனி, 1883இல் புர்க்டோர்பில் தொடங்கியது, எம்மன்தால் சரிவுகளைப் பார்த்தே அவர்கள் இயந்திரம் செய்தார்கள். மாக் என்பது ஜெனீவாவில் மோட்டார் சைக்கிள் செய்து பெயர் எடுத்த மோட்டோசக்கோஷ் கம்பனியின் எஞ்சின், ஒரு தலைமுறைக்கு ஏபி, ரப்பிட், புஹர் கம்பனிகளின் இயந்திரங்கள் பலவற்றில் அதுதான் இருந்தது. பொறுமையாகப் பராமரித்தால் இன்னும் ஓடும். உதிரிப்பாகமும் பழையதாகக் கிடைக்கிறது, ஆனால் தேடித்தான் எடுக்க வேண்டும். பிரச்சினை பாதுகாப்பில். கையை விட்டால் எஞ்சினோ கத்தியோ தானாக நிற்கிற பிடி அந்தக் காலத்து இயந்திரங்கள் பலவற்றில் இல்லை. நீங்கள் சறுக்கி விழுந்தாலும் அது வெட்டிக்கொண்டே போகும். பிற்காலத்தில் பூட்டியிருந்தால் நல்லது, ஆனால் அந்தப் பிடியைச் சுற்றிக் கம்பி கட்டின தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிடித்துப் பிடித்துக் கை நோகிறது என்று கட்டிவிடுகிறார்கள், பெயின்ற் உரிந்து மெல்லிய வளையமாக அடையாளம் தெரியும். அப்படி இருந்தால் மற்றப் பாதுகாப்பு உறுப்புகளும் எப்படி நடத்தப்பட்டன என்று ஊகிக்கலாம்.

சில்லுக்கு வருவோம், பலர் மறக்கிற இடம் இது. சாதாரண ரப்பர் சில்லோடு ஈரப் புல்லுச் சரிவில் எந்த இயந்திரமும் வழுக்கும். தேவைப்படுவது ஆழமான பல் வைத்த அகலச் சில்லு, அல்லது இரட்டைச் சில்லு, இன்னும் செங்குத்து என்றால் இரும்புக் கம்பிச் சில்லு அல்லது முள்ளுச் சில்லு. நிலத்தைக் கடித்துப் பிடிக்கிற முள்ளு புல்தரையைக் கொஞ்சம் கிழிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இவற்றைத் தனியாக வாங்கப் போனால் விலை கூட, பழையதாகத் தேடினால் உங்கள் அச்சுக்குப் பொருந்துவது இலேசில் வராது. அதனால் விற்கிறவரிடம் "இதற்குரிய இரும்புச் சில்லு பரணில் கிடக்கிறதா?" என்று கட்டாயம் கேளுங்கள். பல விவசாயிகள் விளம்பரத்தில் போட மறந்துவிடுவார்கள், கேட்டால் தூசி தட்டி எடுத்துத் தருவார்கள். ரப்பிட் 3,900 சில்லோடு என்றால் அது நல்ல விலை, சில்லு இல்லாமல் என்றால் குறைத்துக் கேளுங்கள். ஒன்றைக் கவனியுங்கள், இரட்டைச் சில்லு பூட்டினதும் முழு அகலம் கூடும். கத்திப் பட்டையின் அகலம் சில்லுகளின் வெளி அகலத்தை விடக் கூட இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டாத புல்லைச் சில்லு மிதித்துச் சாய்த்துவிடும், அடுத்த வரிசையில் கத்தி அதற்கு மேலால் போகும்.

கத்தி எந்த வகை என்பது உங்கள் புல்லைப் பொறுத்தது. வருடம் இரண்டு தரம் என்றால் முதல் வெட்டுக்கு முன் புல் இடுப்பளவு வந்து மழையில் சாய்ந்து பாய்போலக் கிடக்கும். விரல் பட்டை என்று சொல்கிற, முன்னுக்கு இரும்பு விரல்கள் நீட்டிக்கொண்டிருக்கிற வகை இதில் அடிக்கடி அடைபடும், ஆனால் கல்லுக்கும் தடித்த தண்டுக்கும் தாங்கும். இரட்டைக் கத்தி வகையில் இரண்டு கத்தி எதிரெதிராக ஓடும், விரல் இல்லை, இலேசில் அடைபடாது, பிடியில் அதிர்வும் குறைவு. கல்லில் பட்டால் பல்லு உடையும், தீட்டுவதற்கும் அதற்குரிய கல்லும் பொறுமையும் வேண்டும். ஆட்டுக்குப் புல் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் நான் இரட்டைக் கத்தியைத்தான் சொல்வேன். புல்லை அடித்துத் தூளாக்குகிற மல்ச்சர் வேண்டாம், தீனி மண்ணாகிவிடும், முன்பாரம் கூடும், சரிவில் கல் எறியும். இன்னொரு விசயம், அந்த நிலம் பல்லுயிர்ப் பரப்பாக (செடி, பூச்சிகளைப் பாதுகாக்க ஒதுக்கிய நிலமாக) பதிந்த புல்தரையா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அப்படியென்றால் மல்ச்சர் போடவே கூடாது. உரமில்லாத புல்தரையாகப் பதிந்திருந்தால் முதல் வெட்டும் பள்ளத்தாக்கில் ஜூன் 15க்கு முன்னும், விவசாய நிலப் பிரிப்பில் மலை வலயம் ஒன்று, இரண்டு என்கிற இடங்களில் ஜூலை 1க்கு முன்னும் செய்யக்கூடாது.

கத்திப் பட்டையை எஞ்சின் நின்றபிறகு, ஸ்பார்க் பிளக் வயரையும் கழற்றிவிட்டு, தடித்த கையுறையோடு பிடித்து முன்பின்னாக ஆட்டுங்கள். கத்தியை ஓட்டுகிற தலைப்பகுதியில் டக் டக் என்று ஆட்டம் இருந்தால் அங்கே பெயரிங்கோ புஷ்ஷோ போயிருக்கிறது. அந்தப் பெட்டிக்குக் கீழே ஒயில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். கியர் பெட்டி ஒயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, மழையில் நின்ற இயந்திரம். பிடிக்கம்பு அடியிலும் அச்சு வெளியே வருகிற இடத்திலும் வெல்டிங் போட்ட தடம் தேடுங்கள், புதுப் பெயின்ற் அங்கே மட்டும் பளபளத்தால் சுரண்டிப் பார்க்கத் தயங்க வேண்டாம். பிடியைப் பக்கவாட்டில் திருப்பி வைக்க முடிகிறதா என்றும் பாருங்கள், நீங்கள் எப்போதும் மேட்டுப் பக்கமாக நடக்க வேண்டியவர்.

காசு விசயம். நாலாயிரத்தில் 3,900ஐக் கொடுத்துவிட்டு வெறும் கையோடு நிற்க வேண்டாம். பழைய இயந்திரத்துக்கு முதல் வருடத்தில் கத்தி, ஒயில், வடிகட்டி, கேபிள் என்று ஏதாவது செலவு வரும், ஐந்நூறாவது ஒதுக்குங்கள். இலையுதிர் காலம் முடிந்து விற்கிறவரின் கொட்டிலில் இடம் அடைத்துக்கொண்டு கிடக்கும்போதுதான் விலை இறங்கும், மே மாதம் புல் வளரும்போது எல்லோரும் தேடுவார்கள். ஆனால் டிசம்பரில் வாங்கினால் வெட்டிச் சோதிக்கப் புல் இருக்காது, அதனால் ஒக்டோபர் நல்ல நடுவாந்தரம். ரிக்கார்டோ, தூட்டி இணையத்தளங்களில் மட்டும் தேடாமல் சுவைஸர் பவுவர், பவுவர்ன்சைட்டுங் பத்திரிகைகளின் சிறு விளம்பரமும் பாருங்கள். பக்கத்து ஊர் விவசாய இயந்திர மெக்கானிக்கிடம் போய் ஒரு கோப்பி குடித்துக்கொண்டு அவர் எந்தப் பெயருக்கு உதிரிப்பாகம் வைத்திருக்கிறார் என்று கேட்பது அதைவிட நல்லது. அவர் ஏபி மட்டும் பார்க்கிறவர் என்றால், நாற்பது கிலோமீற்றர் தள்ளி ஆள் இருக்கிற ரப்பிட்டை விட, பிற்கால ஹைட்ரோஸ்டாட் ஏபி ஒன்றுக்காக ஒரு சீசன் காத்திருப்பது புத்திசாலித்தனம்.

வேலை தொடங்குவதற்கு முன் நிலத்தை ஒருக்கா முழுக்க நடந்து பாருங்கள். பழைய முட்கம்பி வேலி, ஆப்பிள் மரத்துக்குக் கீழே மறைந்த கட்டை, அகழான் மண்மேடுகள் எல்லாவற்றுக்கும் கம்பு நட்டு அடையாளம் வையுங்கள். ஒரு முழம் கம்பி போதும், புதுக் கத்தி முழுக்கப் போய்விடும். பனி காய்ந்த பிறகு தொடங்குங்கள். குறுக்காக வெட்டுங்கள், மேட்டுப் பக்கமாக நடந்து போங்கள், மூக்கை மேல்நோக்கித் திருப்புங்கள். மலை விவசாயிகள் சப்பாத்துக்கு அடியில் முள்ளுக் கட்டுவது சும்மா அல்ல, நீங்களும் கட்டுங்கள். முதல் நாளில் செங்குத்துப் பாதியைத் தொடவே வேண்டாம், மற்றப் பாதியில் நிறுத்தி, திருப்பி, பின்னுக்கு எடுத்துப் பழகுங்கள். மகனோ மனைவியோ கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ஆனால் கட்டாயம் இயந்திரத்துக்கு மேல்பக்கமாக இருக்கட்டும்.

50 வீதம் தாண்டுகிற துண்டு ஏதாவது இருந்தால் அதை அயல் விவசாயியிடம் மணிக்கணக்கில் கூலிக்கு வெட்டக் கொடுங்கள். முள்ளு உருளை பூட்டிய இயந்திரம் அவரிடமோ அவருக்குத் தெரிந்தவரிடமோ இருக்கும், நீங்கள் அரை நாள் போராடுகிறதை அவர் சீக்கிரமே முடித்துவிட்டுப் போவார். அதற்கென்று இன்னும் ஆறாயிரம் பிராங் இயந்திரத்தில் போடத் தேவையில்லை.

ரப்பிட்டைப் பார்க்கப் போனால் மாடல் பெயர் உள்ள தகட்டையும், எஞ்சின் தகட்டையும், மணிக்கூட்டு மீற்றர் இருந்தால் அதையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். சோக் கோடு எவ்வளவு நகர்ந்தது என்பதையும் எழுதுங்கள். காசு கொடுப்பதற்கு முன் அனுப்புங்கள், அந்த மாடலில் திருப்புகிற வசதி உண்டா, பம்புக்கு இன்னும் பாகம் கிடைக்குமா என்று பார்த்துச் சொல்கிறேன்.